லிஃப்ட்காரர் நடத்தாத கூட்டம்

லிஃப்டுக்குள் காலை வைப்பதற்கு முன்பே லிஃப்ட்காரரின் கண் சுவரில் ஒட்டிய பரிசோதனைச் சீட்டுக்குப் போய்விடும். தேதி தாண்டியிருந்தால் அப்புறம் பேச்சே கிடையாது. பையிலிருந்து சிவப்புப் பலகை வெளியே வரும்: 'பரிசோதனை ஆகவில்லை. ஏறாதீர்.' அதைக் கதவில் கட்டி, முடிச்சைச் சரியாக மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஐந்தாம் மாடிக்காரர்கள் கெஞ்சினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

"நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்பவர்களுக்கென்றே ஒரு பதில் வைத்திருக்கிறார். "அறுந்து விழறதுக்கு முந்தின நாள் வரைக்கும் எல்லா லிஃப்டும் நல்லாத்தான் ஓடும்."

ஸ்பேனரும் கையுமாக அலைந்தாலும் ஆள் சாமானியரல்ல. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றுக்கு டைரக்டர். இன்னொரு டைரக்டர் அவர் மனைவி. அந்த அம்மாளுக்குத் தனியாகவும் ஒரு கம்பெனி உண்டு. ஒற்றைத் தையல் மெஷினில் பள்ளிக்கூடப் பை தைக்க ஆரம்பித்தவர். இன்று முப்பது பெண்களுக்கு வேலை கொடுக்கிறார். அங்கே வருடாந்திரப் பொதுக்கூட்டம் என்றால் மூன்று வாரம் முன்பே நோட்டீஸ் போய்விடும்.

கணவர் கம்பெனியில் அந்தத் தொந்தரவே இல்லை. "இருக்கறது ரெண்டு பேர். தினமும் எதிரெதிரே உக்காந்து சாப்பிடறோம். இதுக்கு மேல என்ன மீட்டிங்?" என்பார். மனைவி கேட்டபோதெல்லாம், "நான் பாத்துக்கறேம்மா" என்று சொல்லித் தண்ணீர் குடித்துவிடுவார். அரசாங்க உறைகள் வந்தன. அரை மில்லிமீட்டர் சரிவையும் கண்ணாலேயே பிடிக்கிறவர், நான்கு உறைகளைப் பிரிக்காமலே மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஆபீஸ் மேசைக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை, அவர் பலகை கட்டிவிட்டுப் போன எங்கள் கட்டடத்து லிஃப்டுக்காக வாதாட நான் அவர் ஆபீசுக்குப் போயிருந்தேன். மனைவி தன் ஆடிட்டரை அழைத்துக்கொண்டு வந்தார். கடைசிக் கடிதம் ஆடிட்டர் கையில். முந்தைய கடிதங்கள் எங்கே என்று கேட்டதற்கு லிஃப்ட்காரர் கால் கட்டைவிரலால் காட்டினார். ஆடிட்டர் குனிந்து உருவினார். மேசை ஆடத் தொடங்கியது.

மூன்று வருடமாகக் கூட்டம் இல்லை; அதனால் கணக்கு யார் முன்னாலும் வைக்கப்படவில்லை, அரசாங்கத்திடம் தாக்கலும் ஆகவில்லை; கம்பெனிக்கும் டைரக்டர்களுக்கும் அபராதம் என்றார் ஆடிட்டர். கொசு கடித்ததுபோல் கேட்டுக்கொண்டார் நம்மவர். கட்டித் தொலைத்துவிடலாம் என்றார்.

"கட்டினாலும் இதோட முடியாது சார். அஞ்சு வருஷத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வேற எந்தக் கம்பெனிலயும் டைரக்டரா இருக்க முடியாது."

"எனக்கு வேற கம்பெனி ஏது?"

ஆடிட்டர் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார்.

இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டைப்போல லிஃப்ட்காரரின் வாய் பாதியில் நின்றது. எங்கள் லிஃப்டைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. பிறகு அவர், அவள் கம்பெனியில் எல்லாம் ஒழுங்காகத்தானே நடந்தது என்று முனகினார். நடந்தது சார், ஆனால் உங்கள் கம்பெனிக்கும் அவர்தானே டைரக்டர் என்றார் ஆடிட்டர்.

மனைவி சத்தம் போடவில்லை. "தினமும் எதிர்லதாங்க உக்காந்திருந்தேன். லெட்டர் வந்துச்சுன்னு ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. இப்ப என் கம்பெனியிலயே என் நாற்காலியை விட்டு எந்திரிக்கணுமாம். அந்த முப்பது பேர்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் எழுந்தார். பையைத் துழாவிச் சிவப்புப் பலகையை எடுத்தார். தன் நாற்காலியின் முதுகில் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கை நிற்கவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தார்.