சட்டைக்குள் எழுதிய பெயர்கள்

மகள் ஆடிய அமெரிக்க பாலே கம்பனியில் ஒரு வழக்கம் உண்டு. மேடைச் சட்டைகள் கம்பனிக்குச் சொந்தம். முதுகுப் பக்கம் உள்ளே ஒரு வெள்ளை நாடா தைத்திருக்கும். சட்டையைப் போடுகிறவரின் பெயரை அதில் மையால் எழுதுவார்கள். ஆள் மாறினால் அடுத்த பெயர் அதற்குக் கீழே வரும். சேர்ந்த புதிதில் மகள் தன் நாடாவைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கடைசியில் அவள் பெயர். மேலே உள்ளவை மங்கியிருந்தன. முதலாவதை வாசிக்கவே முடியவில்லை.

நிறத்தைக் காரணம் காட்டி மற்றக் கம்பனிகள் திருப்பி அனுப்பியவர்களைக் கொண்டு, ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் ஆரம்பித்த கம்பனி அது. பத்திரிகையில் வேலை செய்த பழக்கத்தில், அந்த நாடாவில் இருந்த பெண்களைப் பற்றித் தேடிப் பார்த்தேன். முன்னணி ஆட்டக்காரிகளின் பேட்டிகள் நிறைய இருந்தன. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் கூட்டமாக ஆடியவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

மகளும் வரிசையில் ஆடுகிறவள்தான். போன வருடம் கம்பனி லண்டனுக்கு வந்தபோது அவளுடைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. இங்கே ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானக் காட்சி. ஹரோவிலிருந்து நானும் மனைவியும் போனோம். ஈஸ்ட் ஹாமிலிருந்து அக்கா குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தாள். தியேட்டர் வாசலில் நிற்கும்போது மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, அம்மா பக்கத்தில நிக்கிறாவோ?"

"இல்லை, உள்ள போயிட்டா. என்ன பிள்ளை?"

"காலமை ரிகர்சலில விழுந்திட்டன். பாதத்தில முந்தி உடைஞ்ச அதே எலும்பு. ரெண்டாந்தரம் எண்டபடியால் இனி ஆட ஏலாது எண்டு டொக்டர் சொல்லுறார்."

"அப்ப உன்ர இடத்தில ஆர்?" என்றேன்.

"ஒரு பிரேசில்காரி. எனக்கும் அவளுக்கும் ஒரே அளவு. அப்பா, இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மாமி ஆக்கள் வெளிக்கிட்டு வந்திட்டினம். பாக்கட்டும். முடிய நான் பின்வாசலுக்கு வாறன்."

திரை விலகியது. ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில், ஒரே மாதிரிக் கொண்டையோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள்.

"பரதம் பழக்கியிருந்தால் தனிய ஆடியிருப்பாள்," என்றாள் அக்கா. "இதில ஆர் ஆரெண்டு கண்டுபிடிக்கவே பூதக்கண்ணாடி வேணும்." சிறிது நேரத்தில் என் கையைத் தட்டினாள். "அந்தா, கரையில நிக்கிறாள்! தம்பி, கண்டனியே?"

மகளின் இடத்தில் நின்ற பிரேசில் பெண்ணைத்தான் காட்டினாள். அக்காவின் பிள்ளைகள் கை தட்டினார்கள். முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

மனைவி தட்டவில்லை. மேடையையே பார்த்தபடி மெல்லிய குரலில் சொன்னாள். "அது அவள் இல்லை."

நான் கையிலிருந்த நிகழ்ச்சித்தாளைப் புரட்டினேன்.

"இஞ்சேருங்கோ. பிள்ளை எங்க?"

காதுக்குள் சொன்னேன். அவள் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தாள். எழும்பவில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள்.

"என்னடி, அழுறாய்?" என்றாள் அக்கா. "சந்தோசமோ?"

"ஓம் மச்சாள்."

காட்சி முடிந்ததும் பின்வாசலுக்குப் போனோம். மகள் ஒரு வாடகைக் காரில் ஊன்றுகோல்களோடு வந்து இறங்கினாள். அக்கா ஓடிப்போனாள். "ஐயோ, இப்பதானே ஆடினாய்! எப்ப நடந்தது?"

மகள் முதலில் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் ஆடேல்லை மாமி. என்ர சட்டைதான் ஆடினது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளுக்கென்று கொண்டுவந்த பூச்செண்டைத் தன் மகனிடம் கொடுத்தாள்.

மகள் தன் சாமான்களை எடுக்க உள்ளே போனாள். கதவுகளைத் திறந்துவிட நானும் கூடப் போனேன். உடுப்பு அறையில் சட்டைகள் அப்போதுதான் கழற்றித் தொங்கவிடப்பட்டிருந்தன. அவளுடையது இன்னும் ஈரமாக, வேறொருத்தியின் வியர்வை மணத்தோடு இருந்தது. அதன் முதுகைப் பிரித்து எனக்குக் காட்டினாள்.

நாடாவில் மகளின் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு பெயர் இருந்தது.

"ஒருக்கா ஆடினதுக்கே எழுதிப் போட்டினமோ?" என்றேன்.

"ஒருக்கா ஆடுறவைக்குப் பென்சிலாலதான் எழுதுறவை, அப்பா," என்றாள். "இது மை."