கரைக்கு வராத ஆள்

வியாழக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்குச் செய்தி வந்தது. காலையிலேயே வல்வெட்டித்துறைக்குத் திரும்பியிருக்க வேண்டிய இன்னாசித்தம்பியின் படகு இன்னும் வரவில்லை. போனை வைத்ததும் வித்தியாவுக்கு முதலில் நினைவு வந்தது தான் கதை எழுதும் கொப்பிதான். அதில் அவர் ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்.

வித்தியா சண்டிலிப்பாயில் மீன், மச்சம் எதுவும் சமைக்காத வீட்டில் வளர்ந்தவள். இன்னாசித்தம்பியின் மனைவி மரியநாயகியோடு நூலகத்தில் வேலை செய்கிறாள். கடலோடி ஒருவனைப் பற்றிக் கதை எழுதத் தொடங்கி, முதல் வரியிலேயே படகில் ‘மீன் நாற்றம்’ என்று போட்டுவிட்டாள். அதை வாசித்துக் காட்டியபோது இன்னாசித்தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நாத்தம் பழுதான மீனிலை வாறது பிள்ளை. பச்சை மீனிலை வாறது வெடுக்கு. உன்ரை கதையைச் சனம் நம்பினால் என்ரை மீனை ஆர் வாங்கிறது?”

எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன மனிதர். போரில் இடம்பெயர்ந்த காலத்தில் கூலி வேலைக்குப் போய், திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கடன்பட்டு ஒரு படகு வாங்கினார். அப்படிச் சிரித்த நாளிலிருந்து அவர் சொல்லச் சொல்ல வித்தியா எழுதினாள். ஈரக் கயிறு உள்ளங்கையை எப்படிச் சுடும், காற்றுத் திரும்புமுன் காது எப்படி அடைக்கும், இருட்டில் வெளிச்சம் தெரியுமுன்னே கருவாட்டு மணம் வந்து கரையை எப்படிக் காட்டிக்கொடுக்கும்.

கதையில் வரும் அந்த ஆளைக் கடைசியில் கடலில் சாகவிட்டது மட்டும் அவளுடைய வேலை. படகு போவதற்கு முந்தின வாரம் மரியநாயகி அதைப் பார்த்துவிட்டாள். மாற்றச் சொன்னாள். வித்தியாவும் ஓமென்றாள். ஆனால் முடிவு நன்றாக வந்திருந்ததால் கைவைக்கவில்லை.

வித்தியா கொப்பியோடு மரியநாயகி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றம் நிறையச் சனம். தேடப் போன படகுகளிடமிருந்து தகவலில்லை. மரியநாயகி அழவில்லை.

“மாத்திப்போட்டியே?”

“இல்லையக்கா.”

“இப்ப மாத்து. அந்த ஆளைக் கரைக்குக் கொண்டு வா.”

வித்தியா குந்தியிருந்து கடைசிப் பக்கத்தைக் கோடு போட்டு வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினாள். கயிற்றைக் கையில் கொடுத்தாள், கருவாட்டு மணத்தைக் கொண்டுவந்தாள், ஆளைப் படகிலிருந்து தண்ணீரில் இறக்கினாள். மரியநாயகி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்தாள். இரவெல்லாம் கடலில் நின்ற காலுக்கு மணல் எப்படியிருக்கும்? வித்தியா அதை அவரிடம் கேட்டிருக்கவில்லை. பேனை நின்றது.

ஆறே முக்காலுக்குப் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே இன்னாசித்தம்பி கிடந்தார். நெஞ்சுவலியாம், மூச்சு எப்போதோ நின்றிருந்தது.

இன்றோடு பதினொரு நாள். கதையில் அந்த ஆள் இன்னும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான்.