என் கையில் குடியிருந்த கோட்டுக்காரர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விடுமுறைக் கூட்டமெல்லாம் வடிந்திருந்த ஒரு நாள் மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவில் இருக்கும் ஒரு கடையில் இடது முன்கையை நீட்டி டாட்டூ குத்திக்கொண்டேன். இந்த வயதில் உனக்கு எதற்கடி இந்த வேலை என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நாற்பதைத் தாண்டியவள், பொத்தேரியில் பெண்கள் ஹாஸ்டல் வார்டன், பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று பேசினாலே தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துகிறவள். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் குத்திக்கொண்டது பூவோ பட்டாம்பூச்சியோ இல்லை, என் வீட்டுக்காரரின் முகம்.

அவர் போய் அப்போது ஒரு வருடம் முடிந்திருந்தது. ஏ.சி. மெக்கானிக். கடற்கரை ஓரத்து ரிசார்ட்டுகளில் ஓயாமல் வேலை இருக்கும். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போன வண்டி திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அதன் மூஞ்சியிலாவது அவரைத் தேடிப் பார்த்துக்கொள்வேன். உருப்படியாக ஒரு போட்டோவும் இல்லை. எங்கே போனாலும் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுப்பவர் அவர்தான், அதனால் எல்லாப் படத்திலும் நான்தான் அசடு வழிய நிற்பேன். வீடியோக்களில் "நவுரு, நவுரு, வெளிச்சத்துக்கு வா" என்று அவர் குரல் கேட்கும், ஆள் இருக்க மாட்டார். செல்ஃபி என்றால் அவர் நெற்றி மட்டும் வரும். கல்யாண ஆல்பத்தில் இருப்பவரோ பவுடர் அப்பிய, மீசை அரும்பாத ஒல்லிப் பையன். என்னோடு குடித்தனம் நடத்தியவர் அவரில்லை. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில், என் தங்கைகளுக்கு முன்னால் வீரம் காட்டுகிறேன் என்று சோடா மூடியைப் பல்லால் திறந்து முன்பல்லைப் பாதி உடைத்துக்கொண்டார். அந்த உடைந்த பல்லோடு சிரிக்கிற முகம்தான் எனக்குத் தெரிந்த முகம்.

எனவே டாட்டூ கடைக்காரரிடம் நான் காட்டியது காரியத்துக்கு என் கொழுந்தன் அடித்த பேனர் படத்தை. செய்யூர்ப் பக்கம் எங்கள் ஊர் முனையில் ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். அன்றைக்கு அழுத அழுகையில் அதை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கொழுந்தன் போனில் பத்திரமாக இருந்தது, அனுப்பச் சொன்னேன், அனுப்பினார், பார்த்தால் மறுபடி அழுதுவிடுவேன் என்று உற்றுப் பார்க்காமலே கடைக்காரரிடம் நீட்டிவிட்டேன். ஹாஸ்டல் பிள்ளைகள் இரண்டு பேர் துணைக்கு வந்தார்கள். குத்தி முடித்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, கை வீங்கிச் சிவந்திருந்தபோது "செம்மக்கா!" என்று கைதட்டினார்கள். நானும் உச்சி குளிர்ந்துபோய் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

பக்கு உதிர்ந்து தோல் தெளிந்த நாளில்தான் குட்டு வெளிப்பட்டது. கையில் இருந்தவர் கோட்டு போட்டிருந்தார். டை கட்டியிருந்தார். கன்னத்தில் ஒரு பரு வடு கிடையாது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கடன் கொடுக்க மறுக்கிற பேங்க் மேனேஜர் மாதிரி என்னைப் பார்த்தார். பேனர் கடையில் லைசென்ஸ் படத்தின் தலையை வெட்டி, அவர்களிடம் தயாராக இருந்த கோட்டு உடம்பில் ஒட்டி, முகத்தையும் மழமழவென்று வெளுப்பாக்கி, மீசையைத் தடிப்பாக்கிவிட்டிருந்தார்கள். கொழுந்தனைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். "அண்ணி, அண்ணன் கெத்தா இருக்கட்டும்னுதான் கோட்டு வெக்க சொன்னேன். உயிரோட இருக்கிறப்ப ஒரு நாளாச்சும் போட்டாரா?" என்றார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. அதற்கு மேல் அவரை என்ன திட்டுவது?

சரி, கோட்டோ குர்தாவோ, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடப் பார்த்தேன். ஆனால் வேறொன்று நடக்க ஆரம்பித்தது. சோறு போடும்போதும், சாவி வாங்கும்போதும், முகம் கழுவும்போதும் இந்த ஆள்தான் கண்ணில் படுகிறார். கொஞ்ச நாளில், கண்ணை மூடி என் வீட்டுக்காரரை நினைத்தால் கோட்டுக்காரர் வந்து நின்றார். பல்லை நினைத்துப் பார்ப்பேன், பல் மட்டும் தனியாக வரும், முகம் வராது. சிரிப்புச் சத்தம் வரும், முகம் வராது. ஐயோ! ஆள்தான் போனார், முகத்தையாவது விட்டுவைத்திருந்தார், அதையும் நானே கூலி கொடுத்து அழித்துவிட்டேனே என்று பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

செங்கல்பட்டில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன். லேசர் வைத்து எடுக்கலாம், ஒரே தடவையில் போகாது, ஒவ்வொரு தடவைக்கும் நடுவே புண் ஆற ஒன்றிரண்டு மாதம் விடவேண்டும் என்றார். பிறகு கையைப் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவரு? வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றேன்.

"அப்பாவா?"

"இல்ல டாக்டர். யாரும் இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கையில் புருஷன் முகத்தைக் குத்திக்கொண்டு, யாரும் இல்லை என்று சொல்கிறேன். உண்மையும் அதுதானே? அது அவர் இல்லையே? இருந்தாலும் கையை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

முதல் தடவை, மரத்துப்போக களிம்பு தடவலாமா என்று கேட்டார்கள். குத்தும்போது தாங்கியவளுக்கு எடுக்கும்போது தாங்காதா என்று ஜம்பமாக வேண்டாம் என்றேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். மெஷின் டப் டப்பென்று ஆரம்பித்தது. கடுகு தாளிக்கும்போது கையில் எண்ணெய் தெறிக்குமே, அது நிற்காமல் ஒரே இடத்தில் தெறித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. முடி பொசுங்குகிற வாடை வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அப்போது வந்தார்.

ஒரு ரிசார்ட்டில் ஏ.சி. மாட்டப் போன இடத்தில் நாய் கடித்துவிட்டது என்று முன்பு ஒருமுறை செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரை ஊசி போடக் கூட்டிப்போயிருந்தேன். மாடி மாடியாக வெளிச்சுவரில் தொங்கி வேலை செய்கிற மனுஷன், ஊசியைக் கண்டதும் வியர்த்து ஊற்ற, என் கையை நசுங்கப் பிடித்துக்கொண்டார். ஒரு கண்ணை மூடி, மறுகண்ணை ஊசி மேலேயே வைத்து, உடைந்த பல்லால் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கி, "முட்ஞ்சுதா, முட்ஞ்சுதா?" என்றார். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "அண்ணே, இன்னும் குத்தவே இல்ல" என்றாள். வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். ஒரு மாதம் அவரை இதை வைத்தே ஓட்டினேன்.

அந்த முகம்! பரு வடு, மூக்குச் சுருக்கம், கோணல் உதடு, பாதிப் பல், எல்லாமாக, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள் முழுசாக வந்து நின்றது. டாக்டரம்மா மெஷினை நிறுத்தி, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார். கண்ணீர் காதுவரை ஓடிக்கொண்டிருந்தது. "நிறுத்தாதீங்க டாக்டர்," என்றேன்.

அடுத்த தடவை டாக்டரம்மா விடவில்லை. போன முறை அழுதீர்களே என்று களிம்பைக் கனமாகத் தடவி உட்கார வைத்துவிட்டார். வலியே இல்லை. அவரும் வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி எழுந்து வந்தேன். அதற்கடுத்த தடவை, களிம்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அரிக்கிறது என்று கூசாமல் பொய் சொன்னேன். டப் டப்பென்று ஆரம்பித்ததும் அவர் வந்துவிட்டார், அதே ஒற்றைக் கண்ணோடு.

சொன்னால் சிரிப்பீர்கள், லேசருக்குப் போகிற நாளை எண்ணிக்கொண்டிருக்க ஆரம்பித்தேன். புண் ஆறி, கொப்புளம் அமுங்கி, எப்போது கூப்பிடுவார்கள் என்று தவிப்பு. ஒரு நாள் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது, ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி, "அக்கா, இன்னாக்கா பொடவலாம் புச்சா கீது? யாரப் பாக்கப் போறீங்க?" என்று கண்ணடித்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவர் எடுத்துக்கொடுத்து நான் பிரிக்காமலே வைத்திருந்த பச்சைப் புடவையைக் கட்டி, பூவும் வைத்திருக்கிறேன். தோல் ஆஸ்பத்திரிக்கு! "போய் படிக்கிற வேலயப் பாருடி," என்று கத்திவிட்டு வேகமாக நடந்தேன். செங்கல்பட்டை ஒட்டிய கொளவாய் ஏரி வரும்வரை ரயிலில் முகம் சூடாகவே இருந்தது. கல்யாணமான புதிதில் அவருக்காகச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டு நிற்பேனே, அந்தச் சூடு.

ஒவ்வொரு தடவையும் கோட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தார். கன்னம் போயிற்று, டை போயிற்று, கடைசியாகத் தடி மீசையும் போயிற்று. போன ஆடியில் ஒரு நாள் டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதாம்மா. சுத்தமா போயிடுச்சு. இனிமே வர வேணாம்," என்றார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை வைங்களேன் டாக்டர்."

"எதை எடுக்கிறதும்மா? ஒண்ணுமே இல்லையே!"

எழுந்து வெளியே வந்தேன். மற்றவர்கள் இதற்கு சந்தோஷப்படுவார்கள். எனக்கோ அவரை இரண்டாவது தடவை தூக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. அழித்துவிடத்தானே போனாய், இப்போது ஏன் அழுகிறாய் என்று என்னையே திட்டிக்கொண்டு, வந்த ரயிலில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

எதிரே கொய்யா விற்கிற அம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் கையையே பார்த்தாள். டாட்டூ இருந்த இடம் மட்டும் திட்டாக வெளுத்திருந்தது. "இன்னாம்மா கையில, வெள்ளையா கீது? புருசன் சூடு வெச்சுட்டானா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "யம்மோவ், மொதல்ல வாயக் கழுவு! இங்க இருந்தது என் வூட்டுக்காரரு. ஊசியப் பாத்தாலே வேர்த்து ஊத்துற மனுசன், அவரு எனக்கு சூடு வெப்பாரா?" என்று போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

அந்த அம்மா பயப்படவில்லை. "கோச்சுக்காதம்மா. ஊசிக்கா பயப்படுவாரு? ஆம்பளையா?" என்றாள். விடுவேனா? பேனர், கோட்டு, லேசர் எல்லாவற்றையும் சொன்னேன். நாய் கடித்த கதைக்கு வந்தபோது வாயால் சொன்னது போதவில்லை. ஒரு கண்ணை மூடி, மறுகண்ணை விரித்து, மூக்கைச் சுருக்கி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, "முட்ஞ்சுதா, முட்ஞ்சுதா?" என்று செய்தே காட்டிவிட்டேன். அந்த அம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். பக்கத்து சீட்டில் இருந்தவர்களும் சிரித்தார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் அன்றைக்குச் சிரித்தார்களே, அதே மாதிரி. "நல்ல மனுசன்மா. இன்னொரு தபா செஞ்சு காட்டேன்," என்றாள் அவள். காட்டினேன். நானும் சிரித்தேன். வலி இல்லை, மெஷின் இல்லை, கண்ணைக்கூட மூடவில்லை, ஆனால் அவர் வந்திருந்தார். என் கன்னமும் என் மூக்கும் என் உதடும் எங்கே எப்படிச் சுருங்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பொத்தேரியில் இறங்கும்போது ஒரு கொய்யாவைக் கையில் திணித்து, "ஒங்க வூட்டுக்காரருக்கு," என்றாள். வாங்கிக்கொண்டேன்.

இப்போது கையில் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்து யார் கேட்டாலும், "என் வீட்டுக்காரர்" என்றுதான் சொல்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். ஹாஸ்டல் பிள்ளைகளெல்லாம் அந்த முகத்தை என்னிடம் பார்த்துவிட்டார்கள், கொழுந்தன் பார்த்துவிட்டு, "அண்ணனேதான், அண்ணி" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவரை எல்லோருக்கும் காட்ட முடிகிறது, கண்ணாடி முன்னால் நின்று நானே ஒரு தடவை பார்த்துக்கொள்ளத்தான் ஆசை ஆசையாக இருந்தும் இன்னும் தைரியம் வரவில்லை.