பாறசாலை டீக்கடையில் ஜாம்பி வழக்கு

அன்பர்களே, இப்போது நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. ஆனாலும் சொல்வது என் கடமை.

இன்று மதியம், கேரள-தமிழக எல்லையில் இருக்கும் பாறசாலையில் சேச்சியின் டீக்கடை. மிச்சம் இருந்தது மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஒரே ஒரு தட்டு. கொலைப்பசியில் நானும் என் மச்சானும். அசல் ஜாம்பி எது என்ற வாதத்தில் ஜெயிப்பவருக்கே தட்டு என்று முடிவானது.

“சினிமாவில கண்டதில்லையா? கடிபட்டவன் பாய்ஞ்சு ஓடுவான், அடுத்தவன கடிப்பான். அதாக்கும் ஜாம்பி!” என்றார் மச்சான்.

“அது வெறும் சீக்கு, மச்சான். அதுக்கு மருந்து உண்டு. ஜாம்பின்னா முதல்ல சாவணும், பொறவு எந்திரிச்சு நடக்கணும்.”

“அப்பிடி செத்து எந்திரிச்ச ஒருத்தன காட்டும், பாப்பம்!”

நான் எதிரே இருந்த மின்கம்பத்தைக் காட்டினேன். அதில் ஒரு கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ். பக்கத்து ஊரான கொல்லயிலில் மச்சானின் பெயரையே கொண்ட ஒருவர் இறந்திருக்கிறார். ப்ளெக்ஸ் அடித்தவர்கள் படத்தைத் தவறுதலாக மச்சானின் பேஸ்புக்கிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

சேச்சி ப்ளெக்ஸைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். “எண்டம்மச்சியே!”

அந்த அலறலில் தொலைவில் இருக்கும் காட்டாக்கடை ஊர் வரை கடைகள் சாத்தப்பட்டன. இரண்டு மாநிலப் போலீசும் எல்லையில் குவிந்தது.

மச்சானோ ப்ளெக்ஸைக் கிழிக்க ஒரே ஓட்டமாக ஓடினார்.

“செத்தவரும் ஓடுதாரே! அப்ப ஜெயிச்சது யாராக்கும்?” என்றார் சேச்சி.

அதற்குள் தட்டு என் கைக்கு வந்திருந்தது. வாய் நிறைய மரச்சீனி.

சரி, ஒப்புக்கொள்கிறேன். போலீசும் காட்டாக்கடையும் என் கைச்சரக்கு. ப்ளெக்ஸில் இருந்த முகம் மட்டும் சத்தியம். மறுக்க வேண்டுமானால் மச்சானே இந்தப் பதிவின் கமெண்டுக்கு வரட்டும். எழுந்து வர அவருக்குத் தெரியும்.