சோளனுக்குக் காவல் இருந்த மூன்று நாள்

இங்கே நோர்வேயில் மார்கழி பிறந்ததும் கடைவாசல்களில் கதிர்க்கட்டு விற்பார்கள். ஓட்ஸ் கதிரை அறுத்து, சிவப்பு நாடாவால் கட்டி, வாளிகளில் நிறுத்தி வைத்திருப்பார்கள். வாங்கிப்போய் பால்கனியில் தொங்கவிட்டால் பனிக்காலத்தில் பட்டினி கிடக்கும் குருவிகள் வந்து தின்னும். முதன்முதலில் இதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குருவியும் குரங்கும் தின்னாமல் இருக்கத் தகரம் தட்டித் தொண்டை கட்டிய சனம் நாங்கள். இவர்களோ கதிர் வாங்கி வைத்து விருந்துக்கு அழைக்கிறார்கள். மேல்மாடியில் இருக்கும் இங்கர் என்ற அம்மாவிடம், சின்ன வயதில் குரங்கு துரத்துவதுதான் எனக்கு வேலை என்று அரைகுறை நோர்வேஜிய மொழியில் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "பாவம், அவை உங்களுக்கு என்ன செய்தன?" என்று கேட்டார். மறுநாள் என் கதவில் ஒரு கதிர்க்கட்டு தொங்கியது. என்னைத் திருத்த நினைத்திருப்பார் போலும். நானும் நல்ல பிள்ளையாகத் திருந்திவிட்டேன்.

அப்படித் திருந்தியவளாகத்தான், இலங்கையில் போர் முடிந்த அந்த வருட மார்கழியில், பல வருடங்களுக்குப் பிறகு எங்கள் ஊரான கதிரவெளிக்குப் போனேன். அங்கே என் அக்கா தனியாக இருந்தார். அத்தானைச் சுனாமி கொண்டுபோனது. அந்த நாட்களில் நான் இங்கே தொலைக்காட்சியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, கிடைக்காத தொலைபேசி இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். கடலோரத்து வீடு போனதால் அக்கா உள்ளே தள்ளி, காட்டோரமாக ஒரு குடிசை போட்டார். கொஞ்சக் காலத்தில் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தது. முகாம்களில் கிடந்து திரும்பி வந்தபோது குடிசையின் சுவர் இருந்தது, கூரை இல்லை. உள்ளே குரங்குகள் இருந்தன.

"நாங்க முகாமில கிடக்கக்குள்ள இதுகள்தான் இஞ்ச குடியிருந்ததுகள். திரும்பி வந்தா எங்களப் பாத்து உறுமுதுகள், வீட்டுக்காரர் மாதிரி" என்று அக்கா சிரித்தார்.

நான் போனபோதும் சுவருக்கு மேல் கூரைக்குப் பதிலாகத் தறப்பாள்தான் கட்டியிருந்தது. மழைக்கு இரண்டு இடத்தில் சட்டி வைத்திருந்தார். குடிசைக்குப் பின்னால், காடு வெட்டித் திருத்திய சேனையில் சோளன் பால் பிடித்து நின்றது. அதை விற்றுத்தான் கூரை போடுவது என்று அக்கா முடிவு செய்திருந்தார். கூரைக்கு நான் தருகிறேன் என்று வந்த அன்றே சொன்னேன்.

"அது உன்ட கூரையாப் போகும் புள்ள. எனக்கு என்ட கூரை வேணும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவளின் கோபம். கொடுக்க வந்ததை வாங்கவில்லையே என்ற கோபம்.

பக்கத்துச் சேனைக்காரர்கள் குரங்குக்கு வெடி கொளுத்துவார்கள். அக்கா கொளுத்துவதில்லை. "வெடி போட்டா குரங்குக்கு முதல் நான் குப்புற விழுந்து கிடப்பன். எனக்குத் தகரம் போதும். ஆக்களக் கண்டாப் பயப்பட வேணும் எண்டு அதுகளுக்குப் படிப்பிச்சு வச்சிருக்கன்." விடிந்ததும் வேலி ஓரமாக நடந்து தகரம் தட்டுவார். குரங்குக்குக் கல் எறியமாட்டார். அனுமாரின் ஆட்கள் என்று ஒரு பக்தி.

மூன்று நாள் அக்காவுக்கு வெளியே வேலை இருந்தது. அத்தானின் ஆண்டுத் திவசத்துக்குச் சாமான் வாங்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும். சோளனுக்கு நான் காவல் இருப்பதாகச் சொன்னேன். முதல் நாளே வேலியோரத்து மரத்தில் ஒரு தாய்க்குரங்கு வந்து உட்கார்ந்தது. வயிற்றில் குட்டி தொங்கியது. நான் கமராவை எடுத்தேன். படம் நன்றாக வரட்டும் என்று ஒரு வாழைப்பழம் நீட்டினேன். அது பயந்து பயந்து வந்து, பறித்துக்கொண்டு ஓடியது. இரண்டாம் நாள் என் கையிலிருந்தே உரித்துத் தின்றது. அதன் விரல்கள் என் உள்ளங்கையில் பட்டபோது உண்மையில் எனக்குக் கண் கலங்கியது. மூன்றாம் நாள் கூட்டமாக வந்தன. இருந்த சீப்பு முழுவதையும் கொடுத்துத் தீர்த்தேன். இங்கருக்குக் காட்டப் படம் நிறையச் சேர்ந்தது.

நாலாம் நாள், சுனாமி வந்த அதே தேதியில், ஊரே கடற்கரைக்குப் போனது. வழக்கம்போல் அக்கா விடியவே தகரம் தட்டிவிட்டு வர, நாங்களும் போய் அத்தானுக்குப் பூப்போட்டு அழுதுவிட்டுத் திரும்பினோம். சேனையில் பாதி, தண்டு முறிந்து கிடந்தது. ஒரு கடி கடித்து எறிந்த சோளன் பொத்திகள் எங்கும் சிதறிக் கிடந்தன. அக்கா வேலியோரம் போய்க் குனிந்து ஒரு வாழைப்பழத் தோலை எடுத்தார்.

"நீ குடுத்தியா?"

"ஓம் அக்கா."

"எத்தின நாள்?"

"மூண்டு நாள்."

அக்கா தோலைக் கீழே போட்டார். "நீ போயிருவாய் புள்ள. நான் இதுகளோட இருக்க வேணும்."

அப்படி வெட்கப்பட்டது என் வாழ்நாளில் இல்லை. தெரியாமல் செய்த பிழை என்றால் மன்னித்துக்கொள்ளலாம். இது தெரிந்ததை மறந்து செய்த பிழை. எத்தனை வயது வரை இதே காட்டோரத்தில் தகரம் தட்டியவள் நான். அக்காவுக்கு இந்த மழையும் தறப்பாளுக்குக் கீழேதான்.

மரத்தில் குரங்குகள் இன்னும் இருந்தன. மிச்சச் சோளனுக்குக் காத்திருந்தன. நான் தகரத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். தட்டினேன், கத்தினேன், குரல் உடையக் கூக்காட்டினேன். ஒன்றும் அசையவில்லை. தாய்க்குரங்கு குட்டியோடு இறங்கி, நாலடி தூரத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டியது. இன்னும் பலமாகத் தட்டினேன். நீட்டிய கையை அது எடுக்கவில்லை.

பின்னால் அக்கா வந்தார். கையில் தடி இல்லை, வாயும் திறக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து வந்தார், அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் மரம் விட்டு மரம் தாவிக் காட்டுக்குள் போனது. தாய்க்குரங்கு மட்டும் கடைசிக் கிளையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. இந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.