அண்ணனின் கிறிஸ்துமஸ் நோட்டீஸ்

என் அண்ணனுக்கு ஜெராக்ஸ் கடை. முப்பது வருடம் அடுத்தவர் எழுதியதை நகலெடுத்துக் கொடுத்தவன், வயதான காலத்தில் தானே எழுத ஆரம்பித்துவிட்டான். டிசம்பர் பிறந்தால் போதும், 'எங்கள் எளிய கிறிஸ்துமஸ்' என்று ஒரு பக்க நோட்டீஸ். கடைக்கு வருகிறவர்கள் கையிலெல்லாம் திணிப்பான். "அந்தக் காலத்துல என்ன இருந்துச்சு? ஆனா சந்தோஷம் இருந்துச்சு" என்று கண் கலங்குவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்ன பெரிய சந்தோஷம்? அப்பா ஒரு துணிக்கடைக் கிடங்கில் மூட்டை தூக்கினார். கடை ஜன்னலை அலங்கரிக்கப் பளபளக்கும் தாள் சுற்றி ரிப்பன் கட்டிய பெட்டிகள் வைத்திருப்பார்கள். பண்டிகைக்கு மேலாளரிடம் கெஞ்சி அதில் ஏழு பெட்டிகளை இரவல் வாங்கி வருவார். தொட்டுப் பார்க்கலாம், பிரிக்கக் கூடாது. பண்டிகை முடிந்ததும் திரும்பப் போய்விடும். இதைத்தான் அண்ணன் 'பரிசுகள் குவிந்த வீடு' என்று எழுதுகிறான். குவிந்ததாம்!

எனக்கு ஆறு வயதில், ஒரு பெட்டி ஓரம் கிழிந்து என் படுக்கையில் கிடந்தது. அப்பா எதுவும் கேட்கவில்லை. கன்னத்தில் விட்டார் ஒன்று. உள்ளே பார்க்காமலே பெட்டியை ஒட்டிக் கடையில் சேர்த்தார். மேலாளர் அதன் பிறகு பெட்டி தரவேயில்லை. வீட்டின் பண்டிகையைக் கெடுத்தவள் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. சாகும்வரை அப்பா என் கையில் எதைக் கொடுத்தாலும் "பிரிச்சிடாதே" என்பார். நோட்டீஸின் மூன்றாவது பத்தியிலும் வருடம் தவறாமல் நான்தான், 'பொறுமையில்லாத தங்கை'.

இந்த வருடம் விருந்துக்கு எல்லோரையும் அழைத்து, நோட்டீஸை என்னையே வாசிக்கச் சொன்னான். அந்தத் திமிரைப் பாருங்கள். வாசித்தேன். புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தான்: 'பாவம், உள்ளே இருந்ததோ ஜூலை மாதக் காலண்டர் தாளில் சுற்றிய அரைச் செங்கல்!' எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணா, செங்கல் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே பிரிச்சே. நீ சொல்லியிருப்பே."

"நான் பிரிக்கவே இல்லை. உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கே இப்பத்தான் தெரியும்."

அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினாள். "ஏங்க, அப்ப யாரு பிரிச்சது?"

அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தான். "எந்தக் காலத்துக் கதை... சின்னப் பசங்க விஷயம். நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காதே."

ஐம்பத்திரண்டு வருடம். அப்பாவிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை. அழுகை வந்தது, அவன் முன்னால் அழக்கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணன் வீடு வீடாகப் போய்ப் பழைய நோட்டீஸை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தான். என் வீட்டுக்கும் வந்தான், முகத்தைப் பார்க்காமல் நீட்டினான். மூன்றாவது பத்தியைத் தேடிப் படித்தேன். செங்கலை எடுத்துவிட்டிருந்தான். பொறுமையில்லாத தங்கை அப்படியே இருந்தாள்.