காலி ஃபோல்டர்

பழைய வேலையின் மேல் ஓட்டினால், அந்தக் கருவி புதியதைக் கொண்டுவந்து அதன் வாலில் ஒட்டிவிடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். கருவி என்பது ஒரு குட்டி புரோகிராம்தான்; கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். புது புரோகிராமுக்கு வேண்டிய ஆரம்ப ஃபைல்கள் எல்லாம் தாமாக வந்து உட்காரும். எழுதியவர் எங்கள் முதலாளி பாய். பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக்கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம் எழுதித் தரும் மாடி ஆபீஸ் அவருடையது. ஒரு கடையின் பெயர் இன்னொரு கடையின் பில்லில் அச்சாகும் அளவுக்கு நாங்கள் பழசையே நகலெடுத்ததில் வெறுத்துப்போய்த்தான் அதை எழுதினார். “காலி ஃபோல்டர்ல ஓட்டுங்கபா. காலின்னா காலி” என்று சொல்லிச் சொல்லி அவர் தொண்டைதான் வறண்டது.

நான் தறி வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் தறியில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால், பழைய இழைகளின் நுனியில்தான் புது இழைகளைப் பிணைப்பார்கள். வெறும் தறியில் ஆரம்பிப்பது வேலை தெரியாதவன் செய்வது. அதனால், மதியம் பார்க்க வரவிருந்த கடை முதலாளி கடைசி நேரத்தில் கேட்ட புடவை மாற்றிக்கொடுக்கும் பகுதிக்காக, அவருடைய புரோகிராம் இருந்த ஃபோல்டரிலேயே கருவியை ஓட்டினேன். இன்றைக்கு வேலை செய்யாவிட்டால் சென்னையில் ஆள் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். ‘ஏற்கெனவே ஃபைல்கள் உள்ளன, மாற்றி எழுதலாமா?’ என்று கருவி கேட்டது. எதற்கும் ஆமாம் போட்டே பழகிய கை, ஆமாம் போட்டது.

முதல் ஃபைலைத் திறந்தேன். நான் எழுதியது ஒன்றுமில்லை. ‘இங்கிருந்து எழுதத் தொடங்கவும்’ என்று ஒற்றை வரி. சர்வரில் ஒரு நகல் ஏற்றி வைக்கப் பாய் சொன்னதைச் சாயங்காலத்துக்குத் தள்ளியிருந்தேன். வேறு நகல் கிடையாது. மிச்சத்தையும் தின்றுகொண்டிருக்கிறது என்று தோன்றியதும், மேசைக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கினேன். டப்பென்று ஒரு சத்தம்.

“இன்னாச்சுபா?”

“கரண்ட் போயிடுச்சு பாய்.”

பாய் அண்ணாந்து பார்த்தார். “ஃபேன் சுத்துது.”

“அது வேற லைன் பாய்.”

“உன் கைல இருக்கறது எந்த லைனு?”

பிளக்கைப் பிடித்தபடியே விஷயத்தைச் சொன்னேன். “அது கேட்டுச்சு பாய். ஆமான்னுட்டேன்.”

“நீ பயப்படணும்னுதான்யா கேக்கவே வெச்சேன். இப்ப பயந்துக்கினு இருக்க பாரு, இத அப்பவே பயந்திருக்கலாம்.” ஸ்குரூ டிரைவரை எடுத்தார். “கடைக்காரரு வந்தா கீழயே காபி வாங்கிக் குடு. நீ மேல வராத.”

கீழே கடைக்காரரிடம் பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்பதில் தொடங்கி, முகூர்த்த நாள், மூட்டுவலி என்று உளறிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது காபியை வேண்டாம் என்றபோது மேலிருந்து பாய் கூப்பிட்டார்.

நடந்தது இதுதான். கருவி மாற்றி எழுதியது ஒரே பெயரில் இருந்த மூன்று ஃபைல்களை மட்டும். நான் திறந்தது, மற்றவற்றைக் கூப்பிடும் வாசல் ஃபைல். ஜரிகைக் கணக்கு, பில், இருப்பு எல்லாம் வேறு பெயர்களில் பத்திரமாக இருந்தன. பாய் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, மூன்றையும் திரும்ப எழுதிவிட்டார். மாற்றிக்கொடுக்கும் பகுதிக்கு ஒரு வாரம் தவணை சொன்னார், கடைக்காரர் ஒத்துக்கொண்டார். கருவியால் நிரந்தரமாகக் கெட்டது ஒன்றுமில்லை. நான் ஒயரைப் பிடுங்கிய கம்ப்யூட்டர் மட்டும் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.